வண்டி போவுதா, நிக்குதா?

ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட். ரப்பர் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை. துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த மண் இது.

விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் சீவப் போனவர்கள் இங்குள்ள முதியவர்கள்.

பழைய லயத்து வாசலில் ஒரு ஹைப்ரிட் கார் நின்றது. சத்தமில்லை; பகல்நேர விளக்கு மட்டும் எரிந்தது. படியில் இருந்த பாட்டி கண்ணை மறைத்தபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, வண்டி போவுதா, நிக்குதா?"

நியாயமான கேள்வி. 'ரெடி' நிலையில் உள்ள கார் ஓசையின்றி நகரும். பக்கத்திலோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பாட்டு முடியட்டும் என்று காரிலேயே காத்திருக்கும் வானொலி நேயர்களே, 'பி'யில் போட்டு காரை அணையுங்கள். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், பல கார்களில் வானொலி மட்டும் பாடும். 12 வோல்ட் பேட்டரி கரையும் என்பதால் கொஞ்ச நேரம்தான். சில கார்களில், கைப்பிரேக்கைப் போட்டபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு எரியாது, கையேட்டைப் பாருங்கள்.

பிறகு இறங்கிப் பேசுங்கள். முகம் தெரிந்தால்தான் பாட்டி கதை சொல்வார்.