பாடியவரைக் கேட்டீர்களா?

புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய பட்டறை ஒன்று. அதன் பரணில் கிடந்த தகர டப்பாக்களுக்குள் 1973-இல் நம் ஊரில் நடந்த ஒரு மேடைக் கச்சேரி சுருண்டு கிடந்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசிக்க மூன்று இளைஞர்கள், பாட ஒரு பெண். அன்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த ஆங்கில ராக் பாட்டுகளைப் பாடிய உள்ளூர்க் குழு அது. படம் பிடித்தவர் என் கட்சிக்காரரின் அப்பா. பள்ளிகளிலும் திருவிழாக்களிலும் 16 மி.மீ. படம் ஓட்டிக் காட்டிப் பிழைத்தவர், சொந்தமாக ஒரு கேமராவும் வைத்திருந்தார்.

டப்பாவைத் திறந்தபோது காடி நெடி மூக்கைத் துளைத்ததாம். அசிட்டேட் ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் வரும் நெடி அது. ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததே பெரிது. மகன் கடன் வாங்கிச் சென்னையில் ஸ்கேன் செய்தார். பாட்டு வேறொரு ஸ்பூல் டேப்பில் தனியாக இருந்தது. கிளாப் அடித்து எடுக்காததால் எந்த வரி எந்தக் காட்சிக்கு என்று அடையாளம் எதுவும் இல்லை. பாடகியின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டினார். அந்த உழைப்பை நான் நேரில் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் கெட்டவர் என்று யாரும் இல்லை.

திரையிடப் போவதாக அவர் அறிவித்த மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா நம் ஊரில் சொல்தா என்பார்களே, அப்படிப் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டது. பாடகியும் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்விட்டார். அவருடைய பவர் ஏஜெண்டான தம்பி கொடுத்த நோட்டீஸின் சாரம் இதுதான்: அன்று கேமரா ஓடியது தெரியும். ஆனால் அதை வெளியே காட்டப் போகிறோம் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் கேட்கவில்லை.

என் கட்சிக்காரர் கொதித்தார். "சார், ஃபிலிம் எங்கப்பா காசு. கேமரா எங்கப்பாது. இத்தனை வருஷம் பரண்ல வச்சிக் காப்பாத்துனது நாங்க. அவங்க ஒரு ராத்திரி பாடிட்டுப் போயிட்டாங்க. இப்ப வந்து தடுத்தா எப்படி?"

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ஏறக்குறைய அவர் பக்கம்தான் காற்று வீசியது. நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் படத்தை உருவாக்கியவரே அதன் தயாரிப்பாளர், உரிமை அவருக்கு. அந்த உரிமை எவ்வளவு காலம்? 26-ஆம் பிரிவு, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டு என்கிறது. பரணில் கிடந்த படம் வெளியாகவே இல்லை. ஆகவே கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. முதல்முறையாக அதைப் பொதுமக்களுக்குக் காட்டிய பிறகுதான் அறுபதை எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

பாடகிக்கு? 38-ஆம் பிரிவு தரும் நிகழ்த்துநர் உரிமை ஐம்பது ஆண்டு. ஆனால் அதை எண்ணுவது படம் வெளியான நாளிலிருந்து அல்ல, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து. 1973-இல் பாடியவருக்கு 2023 டிசம்பரோடு முடிந்தது. நோட்டீஸ் வந்தது 2021-இல். அவர் குரல் இருட்டில் அடைந்து கிடந்த காலமெல்லாம் அவர் கணக்கில் கழிந்துவிட்டது. அதே இருட்டில் கிடந்த ஃபிலிமுக்கு ஒரு நாள்கூடக் கழியவில்லை. ஒரே சட்டம், ஒரே டப்பா. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அந்த ஐம்பது ஆண்டும் அவருக்கு உறுதியில்லை. தேவ் ஆனந்த் தொடர்பான ஃபார்ச்சூன் ஃபிலிம்ஸ் வழக்கில் (1979 தீர்ப்புத் தொகுப்பில் இருப்பது) பம்பாய் உயர் நீதிமன்றம், படத்தில் நடித்தவரின் நடிப்பு சட்டம் சொல்லும் 'படைப்பு' ஆகாது, அதில் அவருக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. அதற்கு முன்பே, 1977-இல், இசை உரிமைக் கழக வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்போடு தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்குச் சட்டத்தில் இடமில்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டாமா என்பது அதன் சாரம். கவனிக்க 1994 வரை ஆனது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1995-இல். முதலில் இருபத்தைந்து ஆண்டாக இருந்ததைப் பின்னால் ஐம்பதாக்கினார்கள். 1973-இல் பாடியவருக்கு 1995-இல் பிறந்த உரிமை பொருந்துமா என்று நான் எழுந்து கேட்டிருக்கலாம். வலுவான வாதம்தான்.

ஆனால் என் மேசையில் இன்னொரு வழக்கும் இருந்தது. 1972 ஜனவரி 13, 14 தேதிகளில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதித் தேவாலயம் ஒன்றில் அரீதா ஃபிராங்க்ளின் இரண்டு இரவு பாடினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வார்னர் நிறுவனத்துக்காகப் படம் பிடித்தவர் சிட்னி போலாக். அங்கும் இதே கதைதான்: கிளாப் அடிக்கவில்லை, ஒலியையும் காட்சியையும் இணைக்க முடியவில்லை, படம் கிடப்பில் போனது. 'அமேசிங் கிரேஸ்' இசைத்தட்டு மட்டும் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. 2007-இல் ஆலன் எலியட் என்பவர் அந்தச் சுருள்களை வாங்கிக் கணினியில் இணைத்தார். அரீதா 2011-இல் வழக்குப் போட்டார். 2015 செப்டம்பரில் டெலுரைடு விழாவில் திரையிடச் சில மணி நேரமே இருந்தபோது, கொலராடோ கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஜான் கேன் தடை விதித்தார். அரீதாவின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத் தாளில் இருந்ததே பெரிய பலம். 2018 ஆகஸ்ட் 16-இல் அவர் காலமானார். குடும்பம் சம்மதித்து அதே ஆண்டு நவம்பரில் படம் வெளிவந்தது. பார்த்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். நானும்தான். என்றாலும் அவர் உயிரோடு இருந்தவரை வேண்டாம் என்று சொன்ன படம் அது என்ற நினைப்பு பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

எங்கள் வழக்கில் அப்படி ஒரு தாளும் இல்லை. இது இரண்டு பக்கமும் வெட்டியது. 2012-இல் சேர்த்த 38-ஏ பிரிவின்படி, படத்தில் சேர்க்க எழுத்துமூலம் சம்மதித்துவிட்ட கலைஞர் பின்னால் ஆட்சேபிக்க முடியாது. அந்த எழுத்து எங்களிடம் எங்கே?

புதுச்சேரி வக்கீலுக்கே தோன்றக்கூடிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1964 ஜனவரி 4-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம், இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் வழக்கில், கலைஞர் எதற்காக வாசித்தாரோ அதைத் தாண்டி அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றது. வானொலிக்காக வாசித்ததை இசைத்தட்டாக விற்றது பற்றிய வழக்கு அது. 1985-இல் பிரான்சு இதைச் சட்டமாகவே எழுதியது. கலைஞரின் பெயருக்கும் அவர் கலைக்கும் உரிய மரியாதை கைமாற்ற முடியாதது, காலாவதியாகாதது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்தத் தீர்ப்புக்கு ஓராண்டு சில மாதம் முந்திக்கொண்டோம். அந்த அம்மாள் குடியிருந்த நாட்டில் அவர் கேட்டது சாதாரண உரிமை, பாடிய ஊரில் அது வாதத்துக்குரிய விஷயம்.

கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் அந்த அம்மாள் தரப்பின் தடை மனு எடுக்கப்பட்ட முதல் நாளே, அவர் சம்மதமின்றிப் படத்தைக் காட்ட மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்தோம். கட்சிக்காரரை அதற்குச் சம்மதிக்க வைக்க ஒரே கேள்விதான் கேட்டேன். "உங்க அப்பா இருந்திருந்தா அவங்களக் கேட்காம ஓட்டியிருப்பாரா?" வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதிக் குடுங்க சார்" என்றார்.

பிறகு அவரே பிரான்சுக்குத் தொலைபேசினார். "தம்பி, உங்கப்பா நல்ல மனுஷன். நான் முதல்ல பார்க்கணும்" என்றாராம் அந்த அம்மாள். படத்தை அனுப்பி வைத்தோம். சமரச மனு போட்டு முடித்தோம்: ஊரில் கட்டணமில்லாமல் ஒரு திரையிடல், அவர் தொண்டை கட்டிப் பாடிய ஒரு பாட்டை நீக்குவது, நால்வர் பெயரும் தொடக்கத்திலேயே வருவது, இணையத்தில் போடுவதில்லை. கடைசி நிபந்தனையால் என் கட்சிக்காரருக்கு வர வேண்டிய பணம் போயிற்று. ஸ்கேன் செய்த கடனை இன்னும் கட்டுகிறார். அவர்கள் பாடிய ஆங்கிலப் பாட்டுகளை எழுதியவர்களின் உரிமை தனி. 13-ஆம் பிரிவு அதைப் படத்தின் உரிமையிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. அந்த அனுமதிகளும் வாங்க வேண்டியிருந்தது.

சமரசத்தில் முடிந்ததால் சட்டக் கேள்விக்கு விடை எழுதப்படவில்லை. எழுபதுகளில் கல்லூரி விழாவிலும் கோயில் மேடையிலும் பிடித்த சுருள்கள் வேறு பரண்களிலும் இருக்கும். பாடியவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகியிருக்கும், ஐம்பதாண்டுக் கணக்கு ஒவ்வொருவருக்கும் முடிந்துகொண்டிருக்கிறது. 38-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வெளியாகாமல் கிடந்த பதிவு எப்போது வெளியாகிறதோ, பாடியவரின் ஆண்டுக் கணக்கும் அப்போதே தொடங்க வேண்டும், படத்துக்குத் தொடங்குவது போலவே. வாய்ப்புக் கிடைக்கும் கூட்டங்களிலெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன், இங்கும் சொல்கிறேன்.