நந்தன ஆண்டு, ஆடி மாதம்

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1892 ஆகஸ்டு 9 அன்று பிறந்தார் என்று சில நூல்கள் கூறுகின்றன. ஆகஸ்டு 12 என்று வேறு சில கூறுகின்றன. இந்தியாவில் நூலகர் நாள் கொண்டாடப்படுவது 12ஆம் தேதி. அச்சு நூலில் இது பெரிய சிக்கலன்று: ஒரு தேதியை உடலிலும் மற்றதை அடிக்குறிப்பிலும் தந்துவிடலாம். இணையதளத்தின் தரவுப் படிவத்தில் அவ்வாறு தப்பிக்க வழியில்லை. வேர்ட்பிரஸ் தளங்களில் மிகப் பரவலாக வழங்கும் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகுநிரலின் தேதிப் புலம் எட்டு இலக்கங்களைச் சேமிக்கும்: 18920809 அல்லது 18920812. நாள் தெரியாமல் மாதம் மட்டும் தெரிந்தாலும் ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

கல்விப்புலத்தில் இச்செருகுநிரலின் பெயரை அறியாதவர் பலர் இருக்கலாம். அதன் வேலையைக் காணாதவர் அரியர். ஒரு துறை தன் சுவடிகளையோ நேர்காணல்களையோ பழம் இதழ்களையோ இணையத்தில் வைக்க விரும்புகிறது. தனி ஆவணக்காப்பக மென்பொருளுக்கு நிதியில்லை, ஆகவே வேர்ட்பிரஸ். வெறும் தலைப்பும் உள்ளடக்கமும் போதாமற்போகவே ஆசிரியர், இடம், காலம், மொழி, நன்கொடையாளர் என்று தனித்தனிப் புலங்கள் சேர்க்கப்படுகின்றன. ஆஸ்திரேலியரான எலியட் காண்டன் உருவாக்கிய இக்கருவி 2021இல் டெலிஷியஸ் பிரெய்ன்ஸ் நிறுவனத்திடமும், 2022இல் டபிள்யூபி எஞ்சினிடமும் சென்றது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இயங்குகிறது. அடுத்த பதிப்பில் எந்த வசதி வரவேண்டும் என்று பயனாளர்கள் கூடிப் பேசும்போது, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, இத்தனை தளங்களில் எதைப் பதியலாம், எதைப் பதிய இயலாது என்பதையே பேசுகிறார்கள்.

ரங்கநாதனையே அப்படிவத்தில் பதிந்து பார்ப்பது நல்ல சோதனை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு பெட்டிகளை வைப்பதே வழக்கம். எஸ் என்பது ஊர், சீர்காழி. ஆர் என்பது தந்தை ராமாமிருதம். ரங்கநாதன் என்பதுதான் அவருக்கு இடப்பட்ட பெயர். அதைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் இட்டால் பட்டியல் ஒழுங்காக அமையும், செய்தி பிழையாகும். அவர் மறைந்த இடத்தை நிலப்படப் புலத்தில் குறித்தால் பெங்களூரு, கர்நாடகம் என்று வரும். அவர் மறைந்தது 1972 செப்டம்பர் 27. அம்மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பெற்றது 1973 நவம்பர் 1 அன்று. நகரம் அலுவல்முறையில் பெங்களூரு ஆனது 2014இல். மறைந்த அன்று அவர் இருந்தது மைசூர் மாநிலத்துப் பெங்களூரில். சீர்காழியின் கதை இன்னும் நீளம்: தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கும், 2020இல் மயிலாடுதுறைக்கும் போயிற்று. நிலப்படத்துக்குத் தெரிந்தது இன்று மட்டுமே.

இதில் ஒரு முரண் உண்டு. முன்கூட்டியே அடுக்கிவைத்த பெட்டிகளுள் அறிவை அடைப்பதை ஏற்காதவர் ரங்கநாதன். இலண்டனில் பயின்றபோது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு வேண்டிய உருவத்தைக் கட்டலாம் என்ற அந்த எண்ணத்திலிருந்துதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை வளர்ந்தது. பொருளின் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் எனத் தனித்தனி முகங்களைப் பிரித்து, பின் தேவைக்கேற்ப இணைப்பது அதன் வழி. இன்றைய செருகுநிரலின் நோக்கமும் ஏறத்தாழ இதுவே: பெட்டிகளைத் தருவது, எவற்றை எப்படி அடுக்குவது என்பதைப் பயனாளரிடம் விடுவது. 1957இல் பெங்களூரில் குடியேறிய ரங்கநாதன் 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின்கீழ் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை அங்கே நிறுவினார். தம் பகுப்பு முறையையே பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டிருந்தவர் அவர். நூலகம் வளரும் உயிரி என்ற தம் ஐந்தாம் விதியை அவர் தம் அட்டவணைக்கும் பொருத்திக்கொண்டார் என்றே கொள்ளலாம்.

செருகுநிரலும் வளர்ந்திருக்கிறது. 2023இல் புதிய பதிவு வகைகளை உருவாக்கும் வசதி வந்தது. அதே ஆண்டில் இருவழி உறவுப் புலமும் வந்தது. ஒரு கடிதத்தை அதை எழுதியவரோடு இணைத்தால், எழுதியவர் பக்கத்திலும் அக்கடிதம் தானே தோன்றும். ஆவணத் தளங்களுக்கு இது உண்மையான நன்மை. ஆயினும் பேச்சு பெரும்பாலும் தளம் கட்டித் தருவோருடையது: வேகம், தொகுப்பியோடு இணக்கம், பாதுகாப்பு. அவை தேவையற்றவை அல்ல. ஆனால் உறுதியில்லாத தேதியைப் பதியவேண்டியவர் அந்த அவையில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் தம் தளத்தில் ஜனவரி 1 என்று இட்டுவிட்டு அடுத்த ஆவணத்துக்குப் போய்விடுகிறார். பத்து ஆண்டுகளுக்குப் பின் அத்தரவை எடுத்து வரைபடம் போடும் மாணவர், ஜனவரி முதல் நாளில் இத்தனை நூல்கள் வெளிவந்தது ஏன் என்று திகைப்பார்.

இப்போதே மாற்றுவழி உண்டு: மீள்வரிப் புலத்தில் ஒவ்வொரு தேதியையும் அதன் துல்லியத்தோடும் சான்றோடும் தனி வரியாக இடலாம். ஆனால் அது கட்டணப் பதிப்பின் வசதி. மேலும் ஒவ்வொரு மதிப்புக்கும் தரவுத்தளத்தில் இரு வரிகள் பிடிக்கும். இரண்டு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று துணைப்புலங்கள். மீள்வரிக்கென்று இரண்டையும் சேர்த்தால் ஒரு பிறந்தநாளுக்குப் பதினான்கு வரிகள். பல்லாயிரம் ஆவணங்களில் இதைத் தேடச் சொன்னால் எளிய வழங்கி திணறும்.

யார் தீர்மானிப்பது என்ற கேள்வி 2024இல் வெளிப்படையாயிற்று. அக்டோபர் 12 அன்று வேர்ட்பிரஸ் தளத்தார் இச்செருகுநிரலின் இலவசப் பதிப்பைத் தம் பொறுப்பில் எடுத்து செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றினர். தானியங்கிப் புதுப்பிப்பு வைத்திருந்தவர்களின் தளங்களில், அவர்கள் ஒன்றும் செய்யாமலே கருவி மாறிற்று. டிசம்பர் 10 அன்று கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபின் பழைய நிலை திரும்பியது. புதிய கிளை தனியே தொடர்கிறது. வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஆவணத் தளம் நடத்துவோர் புலங்களின் வரையறையை ஜேசான் கோப்பாக எடுத்து, தரவோடு சேர்த்துப் பாதுகாப்பது அன்றிலிருந்து வெறும் முன்னெச்சரிக்கையாக இல்லை.

தேதிச் சிக்கலுக்குத் தீர்வை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2019இல் வந்த ஐஎஸ்ஓ 8601 இரண்டாம் பகுதியில், சதுர அடைப்புக்குள் இரு தேதிகளை இட்டால் ‘இவற்றுள் ஒன்று’ என்று பொருள். ஆண்டு மட்டும், மாதம் வரை, ஏறத்தாழ என்பவற்றுக்கும் குறிகள் உள்ளன. விக்கித்தரவு ஒவ்வொரு தேதியோடும் அதன் துல்லிய அளவைச் சேமிக்கிறது. முரண்படும் இரண்டு தேதிகளை அவற்றின் சான்றுகளோடு அடுத்தடுத்து வைக்கவும் அது தடை சொல்வதில்லை. கால வரிசை கெடும் என்பது நிரலாளர் எழுப்பக்கூடிய நியாயமான தடை. சாத்தியமான முதல் நாளையும் கடைசி நாளையும் பின்னணியில் சேமித்தால் வரிசை கெடாது. வாசகர் காண்பது மட்டும் மூலத்தில் உள்ளபடி இருக்கும்.

அறுபதாண்டுச் சுழற்சியையும் அவ்வாறே கையாளலாம். பழந்தமிழ் நூல்களின் முகப்பில் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் 1892, 1952, 2012 மூன்றும் நந்தனவே. தாளும் அச்சகமும் துணைசெய்தால் ஒன்றைத் தேரலாம், இல்லையேல் மூன்றையும் அடைப்புக்குள் இடலாம். ரங்கநாதன் செய்தியிலோ பழைய கணக்கு ஆங்கிலத் தேதியைவிடத் தெளிவு. ஆகஸ்டு 9ஆனாலும் 12ஆனாலும் அது நந்தன ஆண்டு ஆடி மாதமே.

இந்த வேண்டுகோளைத் தெளிவாக எழுதித் தரக்கூடியவர்கள் மைசூர் சாலையில், அவர் நிறுவிய மையத்திலேயே பயில்கிறார்கள்.