வடக்கே போகும் மணல்

மெரினாவில் கால் புதையப் புதைய நடக்கும்போதெல்லாம் எனக்கு லேசாகப் பொறாமை வரும். இந்த மணலில் வடக்கே இருக்கும் எங்கள் குப்பத்தின் பங்கும் கிடக்கிறது.

இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1875இல் அடிக்கல் நாட்டிய மதராஸ் துறைமுகத்தின் கற்சுவர் அதற்குக் குறுக்கே போய் நின்றது. தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடபுறம், ராயபுரம் தொடங்கி திருவொற்றியூரையும் தாண்டிக் கடல் கரையைத் தின்றது. தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். இன்று அந்தக் கல்மேட்டில் ஏறி நின்றுதான் அலையைப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஏக்கம் கடல் தின்ற எங்கள் மணல்வெளி மேல்தான். கரையிலிருந்து பெரிய வலை இழுக்க ஆள் கூடும் இடம் அது. கருவாடு காயும் களம், பொழுது சாய்ந்தால் எங்கள் சடுகுடு மைதானம். கரை இல்லாத ஊரில் கரைவலை ஏது? கட்டுமரம் ஏற்றவும் மணல் சரிவு வேண்டும்.

கரையேறிய கட்டுமரத்தைத் தாத்தா கட்டியபடி விடமாட்டார். கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார். இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். நைனா ஃபைபர் போட்டுக்கு மாறிக் காசிமேட்டுக்குப் போனபோது, தாத்தா கோபப்படுவார் என்று பயந்தோம். "கட்னத அவுக்கலன்னா நாளைக்கு எத்தடா கட்டுவ?" என்று மட்டும் சொன்னார்.

2025இல் திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் திறந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது புதுத் துறை; சந்தோஷம்தான். ஆனால் அதுவும் கடலுக்குள் நீட்டிய கல். வடக்கே எண்ணூர்க்காரர்களுக்கு மணல் போய்ச் சேருமா என்று மனசு கேட்கிறது.

வந்த மணலை அடுத்த ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவரைதான் எங்கள் கரையும் கரையாக இருந்தது. தெற்கே ஒருவர் பிடித்து வைத்ததும் நாங்கள் மெலிந்தோம். நான் விளையாடிய மணல்வெளி திரும்பாது. அதை மனசு விட்ட பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்க முடிகிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலைக் கடற்கரைக்கே கொடுக்கிறார்கள். இங்கும் தெற்கே சேர்வதை அள்ளிச் சுவர் தாண்டி விடுங்கள். எங்கள் குப்பத்தோடு அது நிற்க வேண்டாம், எண்ணூர் வரை போகட்டும்.