14,000 கிலோமீற்றர்

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில பறந்தா பதினைஞ்சரை மணித்தியாலம். அம்மம்மா செத்த அண்டைக்கு நான் போனில முதலில தேடினது இதைத்தான். மாமா வந்துதான் கொள்ளி வைக்க வேணும்.

சுவரில தொங்கிற வரைபடத்தைப் பார்த்தா, விமானம் மேற்கால போய் அத்திலாந்திக்கைக் கடக்கும் எண்டு தோணும். உலக உருண்டையில ஒரு நூலைப் பிடிச்சுப் பாருங்கோ. அது இந்தியா, கசகஸ்தான், ரஷ்யா எண்டு வடக்கால ஏறி, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து எல்லாம் தாண்டி கனடாவுக்குள்ள இறங்கும். அதுதான் கிட்டின பாதை. ஆனா அந்தப் பாதையில கொழும்புக்கு நேரா வாற விமானம் இல்லை. எங்கயாவது இறங்கி மாறித்தான் வரவேணும்.

செவ்வாய்க்கிழமை காலமை ஐந்தரைக்கு அம்மம்மா போனவ. ரொறன்ரோவில அப்ப திங்கள் இரவு எட்டு மணி. மாமாவுக்கு அடுத்த நாள் இரவுக்குத்தான் ரிக்கெற் கிடைச்சது. துபாய்க்குப் பதின்மூன்று மணித்தியாலம், அங்க காவல் ஐந்து, கட்டுநாயக்காவுக்கு நாலரை. பிறகு குடிவரவு வரிசை, வானில யாழ்ப்பாணத்துக்கு ஏழு மணித்தியாலம். வியாழன் பின்னேரம் ரெண்டு மணிக்கு வாசலில வந்து இறங்கினார். விமானம் ஏறினதில இருந்து 31 மணித்தியாலம்.

அதுவரைக்கும் வீட்டில எல்லாரும் என்னட்டத்தான் கேட்டவை. "இப்ப எங்க நிக்கிறான், பிள்ளை?" நான் திரையில நகருற சின்ன விமானத்தைக் காட்டினன். அம்மா அதை விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

அப்பதான் பெரியம்மா சொன்னா, 1998இல அம்மப்பா செத்தபோது ஒருத்தரும் இப்பிடிக் கேட்கேல்லையாம். ஏ9 பாதை பூட்டியிருந்தது. மாமாவின்ர அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரேல்லை. வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது. பெரியம்மாவின்ர மகன்தான் கொள்ளி வைச்சவர். அப்பவும் தூரம் அதே 14,000 கிலோமீற்றர்தான். விமானமும் பறந்துகொண்டுதான் இருந்தது.

எல்லாம் முடிஞ்சு, குளிச்சிட்டு வந்து மாமா திண்ணையில இருந்தார். நான் போட்ட கணக்கைக் காட்டினன்.

"31 மணித்தியாலமா?" எண்டு கேட்டார். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவின்ர செத்தவீட்டுக்கும் இவ்வளவுதானே எடுத்திருக்கும்."

எனக்குப் பதில் தெரியேல்லை. போனை நிப்பாட்டிப்போட்டு தேத்தண்ணி எடுக்கப் போனன்.

தூரத்தைக் கூகிள் சொல்லும். வரேலுமா, வரேலாதா எண்டது கடவுச்சீட்டிலும் பாதையிலும் ரிக்கெற் காசிலும்தான் இருக்கு.