எம் கண்கள் கற்பித்தவை

மலராசிரியர் எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே வேண்டினார். எனினும், எம் அநுபவத்திற் கண்டதொன்று இளைய மாணாக்கருக்கு அதனினும் பயன்படுமெனக் கருதி இதனை வரைகின்றோம்.

கண்ணின் முன்புறத்தே தெளிந்த கண்ணாடிபோல் அமைந்தது விழிவெண்படலம். சிலருக்கு இளமையிலேயே அது சிறிது சிறிதாக மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும். கெரற்றோகோனசு எனப்படும் இந்நோயை 1854 ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் யோன் நொற்றிங்காம் வேறுபிரித்து விளக்கினார். முப்பது வயதைக் கடந்த காலத்தில் எமக்கும் அஃது உண்டென அறிந்தோம். கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துங்கால் மெய்யெழுத்தின் ஒரு புள்ளி மூன்றாகத் தோன்றும். மூக்குக்கண்ணாடியை எத்துணை மாற்றியும் தெளிவு பிறந்திலது.

நோயின் வளர்ச்சியைத் தடுக்கும் சிகிச்சை ஜேர்மனியின் திரெசுடன் நகரில் உருவாயிற்று. நோயாளரிடத்துக் கண்ட பயன் 2003 இல் வெளியாயிற்று. படலத்தின் மேற்றோலை அகற்றி, இரைபோபிளேவின் என்னும் விற்றமின் துளிகளை ஊறவிட்டு, 30 நிமிடம் கழியூதாக் கதிரைச் செலுத்துவர். அதனாற் கொலாசன் நார்கள் பிணைந்து படலம் உறுதிபெறும். படலம் 400 மைக்கிரோமீற்றரினும் மெல்லியதாயின் கதிர் உட்புறக் கலங்களைத் தாக்கக்கூடும். ஆதலின் தடிப்பை முன்னரே அளப்பர்.

முதலில் எமது வலக்கண்ணுக்குச் சிகிச்சை நடைபெற்றது. முதல் மூன்று நாள் வலி எதிர்பார்த்ததே. நான்காம் நாள் அது தணிவதற்கு மாறாக மிகுந்தது. கண் சிவந்து, படலத்தில் வெண்புள்ளி எழுந்தது. மேற்றோல் மூடுமுன் கிருமி தொற்றியிருந்தது. இல்லாள் இரவும் பகலும் மணிக்கொரு முறை மருந்து இட்டாள். தொற்று அடங்கிற்று; வடு நின்றுவிட்டது.

ஆண்டொன்று செல்லுமுன் இடக்கண்ணும் மெலிவதை அளவுகள் காட்டின. "இருக்கிற கண்ணையும் கெடுத்துப் போடாதை தம்பி" என்று அன்னையார் அழுதார். பல இரவுகள் உறக்கமின்றி எண்ணினோம். தொற்று அரிதாக நேர்வது. நோயின் வளர்ச்சியோ எம் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருந்தது. அரியதற்கு அஞ்சி உறுதியானதற்கு இடங்கொடுத்தல் அறிவன்றெனத் துணிந்து, அக்கண்ணையும் ஒப்படைத்தோம். சில மாதம் பனிமூட்டம் போன்ற மங்கல் இருந்து, தானே அகன்றது.

இன்று தொடுவில்லையின் துணையால் இடக்கண் நன்கு வாசிக்கின்றது. வலக்கண்ணுக்கு உருவங்கள் மாத்திரமே புலனாகும். ஆயினும் அதிலும் நோய் வளரவில்லை. மாற்றுப்படலம் பொருத்தலாம் என்பர். 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கத்தால் பிறநாட்டாருக்கும் படலம் வழங்கிய நாடு எமது நாடு. ஆனால், பொருத்திய படலத்தை உடல் ஆண்டுகள் கழிந்தும் ஒதுக்கக்கூடும். ஒரு கண்ணால் தொழில் நடைபெறும்வரை பொறுத்திருக்கின்றோம்.

மாணாக்கர்களே, கண்ணைக் கசக்காதீர். அப்பழக்கம் இந்நோயை வளர்க்கும். சிகிச்சை பெற்றோர், தணிந்துவரும் வலி மீண்டும் மிகுமாயின் அன்றே வைத்தியரை நாடுக. ஆசிரிய நண்பர்களே, கரும்பலகையைப் பிழைபட வாசிக்கும் மாணாக்கனைக் கடியுமுன் அவன் கண்களைச் சோதிப்பிக்க.