வாரன்டி ஏறாத மலை

இமாசலத்தின் லாஹௌல் பகுதியில், தாந்தி என்ற ஊரில், சந்திராவும் பாகாவும் கூடுகின்றன. அந்த ஆறுதான் ஜம்முவில் செனாப். மனாலி-லே சாலையில் இவ்வூர் பெட்ரோல் பங்க்கின் பலகை பிரசித்தம்: அடுத்த பங்க் 365 கி.மீ. என்று பல்லாண்டுகள் எச்சரித்தது.

பெட்ரோலைக் கேனில் கொண்டுபோகலாம். பணிமனையை?

பழைய லாரி நின்றால் டிரைவரே அடியில் படுத்துச் சரிசெய்துவிடுவார். ஆறு மாதக் கார் நின்றால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கோளாறைப் படிக்கும் கருவி உள்ளூர் மெக்கானிக்கிடம் இருக்காது. வெளியாள் கைவைத்தால் கம்பெனி வாரன்டியை மறுக்குமோ என்ற பயம் சொந்தக்காரருக்கு.

ஆகவே புதுக் கார் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி, பெரும்பாலும் குலு பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. 2020இல் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதையால் 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாய் மிச்சம். காத்திருப்பு மிச்சமில்லை. 'பார்ட் வரவில்லை' என்ற பதில் மலைக்கும் சமவெளிக்கும் பொது.

காரை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டியது ஜாப் கார்டு. கோளாறு, தேதி, ஓடிய தூரம் மூன்றும் அதில் இருக்கட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் எங்கே நின்றாலும், குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். தாந்தியில் நின்ற காருக்கு மதுரையிலும் நியாயம் கேட்கலாம், கையில் காகிதம் இருந்தால்.