முதலில் போவது பெயர்ச்சொல்

போன வாரம் பால் பொங்குகிற நேரத்தில் எனக்கு இடுக்கி என்ற சொல் மறந்துவிட்டது. "அதை எடு, அதை எடு" என்று இரண்டு விரலைச் சேர்த்துச் சேர்த்துக் காட்டினேன். "எதை?" என்றாள் மனைவி, கூடத்திலிருந்தே. பால் வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் சொல் வந்தது. எடு, பிடி, இறக்கு எல்லாம் நாக்கில் பத்திரமாக இருந்தன. பெயர் மட்டும் ஓடிவிட்டது.

இதை யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்களே என்று குடைந்தது. யாரோ இல்லை, 'பொயட்ரி' என்ற கொரியப் படத்தில் வரும் டாக்டர். முதலில் பெயர்ச்சொற்கள் போகும், பிறகு வினைச்சொற்கள் என்று, மறதி நோய் தொடங்கிவிட்ட அறுபத்தாறு வயது நாயகி மிஜாவிடம் சொல்வார். டாக்டர் பேச்சா இது, வாத்தியார் பேச்சு! எழுதி இயக்கிய லீ சாங்-டாங் பள்ளியில் கொரிய மொழி கற்பித்தவர்தான். அப்புறம் நாவலாசிரியர். முதல் படம் 'கிரீன் ஃபிஷ்' வந்தபோது (1997) வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒன்றேகால் வருஷம் கலாச்சார அமைச்சர். இதெல்லாம் போகட்டும். ஓடும் ரயிலைப் பின்னோக்கி ஓட்டிக் கதை சொன்ன 'பெப்பர்மின்ட் கேண்டி'யைக்கூட இன்று விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது 'பொயட்ரி'யில் வரும் ஒரு சர்க்கரை பாதாமிப் பழம். ஆப்ரிகாட் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும்.

மிஜாவின் பேரனும் கூட்டாளிகளுமாக ஆறு பையன்கள் சேர்ந்து சீரழித்ததில் ஒரு பள்ளி மாணவி ஆற்றில் விழுந்து செத்துப்போகிறாள். பையன்களின் அப்பாக்கள் கூடி மூன்று கோடி வோன் கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பெண்ணுக்குப் பெண் பேசினால் படியும் என்று மிஜாவைச் செத்த பெண்ணின் தாயிடம் அனுப்புகிறார்கள். போகிற வழியில் பழங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள். கவிதை வகுப்புக்காக வைத்திருக்கும் குட்டி நோட்டில் ஏதோ எழுதிக்கொள்கிறாள். வயலில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவளிடம் பழத்தைப் பற்றி, வெயிலைப் பற்றி, விளைச்சலைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். நாலு எட்டு வைத்ததும் முகம் செத்துவிடுகிறது. வந்த காரியமே அதுவல்லவே! பேசியது யாரோடு என்பது அப்போதுதான் உறைக்கிறது.

வந்த காரியத்தை மறந்தது நோயாலா, கவிதைக் கிறுக்காலா? படம் சொல்லவில்லை. நோய் என்று முடிவுகட்டுகிற விமர்சகர்களோடு எனக்குச் சண்டை. அந்தப் பழம் அவ்வளவு அழகாகக் கிடந்தது, அவ்வளவுதான். கான் விழாவில் திரைக்கதை விருது கொடுத்தவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் திணறியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

மிஜாவாக நடித்தவர் யூன் ஜியோங்-ஹீ. அறுபதுகளில் கொரியத் திரையைக் கட்டி ஆண்ட நட்சத்திரம். பதினாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு இதற்காகத் திரும்பி வந்தார். அவருடைய இயற்பெயரும் மிஜாதான். 2019இல் அவருக்கு அல்சைமர் என்ற செய்தி வெளியானது; ஏறக்குறைய பத்து வருஷமாகவே இருந்ததாம். 2023 ஜனவரியில் பாரிஸில் காலமானார்.

பால் வழிந்த அன்று ராத்திரி படத்தை மறுபடியும் போட்டேன். அவள் வயலைவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கியதும் ரிமோட்டைத் தேடினேன். "எதைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி. பெயரைச் சட்டென்று சொல்லிவிட்டேன். அதற்குள் அந்த முகம் வந்துவிட்டது.